நுண்ணுயிர் நாடு – 14: சாக்லேட் ஊற்றின் இரும்பு

வெந்நீர் ஊற்று என்றதும் கந்தக நெடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த வாரம் பார்க்கப்போகும் ஊற்று நீரில் அந்த நெடியைத் தரும் வாயு இல்லை. இரும்புதான் நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், கிப்பன் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த இடத்துக்குச் ‘சாக்லேட் பாட்ஸ்’ என்று பெயர். ஊற்றைச் சுற்றிக் கரும்பழுப்பாக மேடு கட்டியிருப்பதால் வந்த பெயர். தண்ணீரின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாதவரை இரும்பு ‘ஃபெரஸ்’ வடிவில் கரைந்து கிடக்கும். தண்ணீர் தெளிவாகவே தெரியும். ஆக்சிஜன் பட்டால் ‘ஃபெரிக்’ ஆகிவிடும். அது கரையாது, துருவாகப் படியும். போர் தண்ணீர் பளிங்குபோல் வந்து, வாளியில் சற்று நேரம் நின்றதும் மஞ்சள் பூத்துப்போகிறதே, அதே வேதியியல்தான். அப்படியானால் காற்றே போதுமே, பாக்டீரியாவுக்கு அங்கே என்ன வேலை?

ஆய்வாளர் பெவர்லி பியர்சனும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. மேட்டின்மேல் பாய் விரித்ததுபோல் வளர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலத்துக்குள் மிக மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி அளந்தார்கள். வெளிச்சம் பட்டபோது, மேல் 1 மில்லிமீட்டரில் மட்டும் ஆக்சிஜன், காற்று முழுதாகக் கரைந்த நீரில் இருப்பதைப்போல் இரு மடங்கு. கீழே போகப்போகக் குறைந்தது; இருட்டிலும் குறைந்தது. வெளிச்சத்தில் நீரின் அமிலத்தன்மையும் தணிந்தது. இரண்டும் நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கையால் வருபவை. இரண்டுமே இரும்பு துருவாவதை வேகப்படுத்துபவை. மேல் சில மில்லிமீட்டரில் இரும்பு முழுவதும் ஃபெரிக்காகியிருந்தது. ஃபெரஸ் அதற்குக் கீழேதான் இருந்தது.

என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. இரும்பு மண்டிய அந்தப் படலத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளி 2 மில்லிமீட்டருக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஒளியை நம்பி வாழும் உயிர் மேற்பரப்பை விட்டு அதிகம் இறங்க முடியாது. புதியது மேலே வளர, பழையது துருவுக்குள் புதைய, மேடு உயர்கிறது.

யெல்லோஸ்டோனிலேயே நாரிஸ் பகுதியின் அமில ஊற்றுகளில் கதை வேறு. அமில நீரில் காற்று மட்டும் இரும்பை மாற்ற ஆண்டுக்கணக்கில் ஆகும். அங்கே அதைச் செய்பவை, இரும்பை மாற்றுவதிலிருந்தே பிழைப்புக்கான ஆற்றலைப் பெறும் நுண்ணுயிர்கள். அமில நீரில் நுண்ணுயிர்கள் இந்த வேகத்தைப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் கூட்டுவதை ஆய்வாளர்கள் சிங்கரும் ஸ்டம்மும் சுரங்க நீரை வைத்து 1970இலேயே காட்டினார்கள். ஆக்சிஜனே இல்லாமல் ஒளியைக் கொண்டு இரும்பை மாற்றும் பாக்டீரியா இருப்பதும் 1993இல் தெரியவந்தது.

இரும்புப் படிவு நிலவியல்காரர்களின் விஷயம், உயிரியலுக்கு அங்கே இடமில்லை என்ற பிரிவினையை நான் ஏற்கமாட்டேன். கடலில் ஆக்சிஜன் அரிதாக இருந்த தொல்காலத்தில், கரைந்த இரும்பு அடுக்கடுக்காகப் படிந்த பாறைகளை ஆராய்பவர்கள் இந்த ஊற்றை ஒரு மாதிரியாக வைத்துப் பார்க்கிறார்கள். சேலம் கஞ்சமலையின் பட்டைபட்டையான இரும்புப் பாறையும் அந்தப் பழைய இனத்தைச் சேர்ந்ததே.

யெல்லோஸ்டோன் போகிறவர்கள் நாரிஸுக்கும் மேடிசனுக்கும் இடையே சாலையிலிருந்தே சாக்லேட் பாட்ஸைப் பார்க்கலாம். தள்ளி நின்றே பாருங்கள், கால் வைக்காதீர்கள். அங்கே வேலை செய்யும் உயிரடுக்கின் கனம் சில மில்லிமீட்டர்தான்.

(தொடரும்)