இத்தாலியில் ஓய்வுக்காலம்: வீட்டின் விலையைக் கேட்பதற்கு முன்

சிசிலித் தீவின் சலேமி என்ற மலையூர் 2008-இல் வெளியிட்ட அறிவிப்பு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 1968 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆளில்லாமல் பாழடைந்து கிடந்த வீடுகளை ஒரு யூரோவுக்குத் தருகிறோம், வாங்குபவர் தம் செலவில் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும் என்றது ஊர் நிர்வாகம். பின்னர் முசோமேலி, சம்பூகா என்று சிசிலியிலும், ஒல்லோலாய் என்று சார்தீனியாவிலும் பல ஊர்கள் அதே வழியில் இறங்கின. 2019-இல் அரசே இன்னொரு சலுகையைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு ஓய்வூதியம் வாங்குபவர் தெற்கின் சிற்றூர் ஒன்றில் குடியேறினால், அவருடைய வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் 7 சதவீத வரி கட்டினால் போதும்.

வெயிலும் கடலும் ஆலிவ் தோப்பும் உள்ள நாட்டில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த அழைப்பு ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மூட்டை கட்டக் கூடாது. 1964-இல் இத்தாலியில் பத்து லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 2024-இல் பிறந்தவை ஏறத்தாழ 3,70,000 மட்டுமே. மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். தெற்கின் இளைஞர்கள் பிழைப்புத் தேடி மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். வீடு மலிவாகக் கிடைப்பதற்கு எது காரணமோ, அதுவேதான் பள்ளி மூடப்படுவதற்கும், பேருந்து குறைவதற்கும், மருத்துவர் கிடைக்காமல் போவதற்கும் காரணம். குடியேற நினைப்பவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

யாருக்கு அனுமதி?

ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் ஊர் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தியர், இலங்கையர், அமெரிக்கர் ஆகியோருக்கும், 2021 முதல் பிரிட்டன் நாட்டவருக்கும் குடியேற விசா கட்டாயம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு என்று உள்ளது 'ரெசிதென்சா எலெத்திவா' விசா. உழைக்காமலே தவறாது வரும் வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும்: ஓய்வூதியம், வீட்டு வாடகை, பங்குகளின் ஈவுத்தொகை போன்றவை. தனி ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 31,000 யூரோவைத் தூதரகங்கள் எதிர்பார்க்கின்றன; கணவனோ மனைவியோ உடன் வந்தால் அது இன்னும் கூடும். வங்கியில் பெருந்தொகை இருப்பது மட்டும் போதாது. தங்கும் இடத்துக்கான சான்றையும் மருத்துவக் காப்பீட்டையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இந்த விசாவில் வருபவர் எந்த வேலையும் செய்யக் கூடாது. வீட்டில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினியில் செய்யும் வேலைக்கும் இந்த விசா பொருந்தாது. அத்தகையவர்களுக்காக 2024-இல் தனி விசா நடைமுறைக்கு வந்திருக்கிறது.

காகிதங்களின் வரிசை

இத்தாலிய அலுவலகங்களின் தாமதம் பற்றிப் புலம்பாதவர் இல்லை. ஆனால் பலருடைய அலைச்சலுக்குக் காரணம், காகிதங்களை வரிசை மாற்றிக் கேட்பதுதான். ஒன்று கையில் இல்லாமல் அடுத்தது நகராது.

முதலில் வாங்க வேண்டியது 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்ற வரி எண். பெயர், பிறந்த தேதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றிலிருந்து உருவாகும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு இது. இது இல்லாமல் வாடகை ஒப்பந்தம் பதிய முடியாது, வங்கிக் கணக்கும் தொடங்க முடியாது. குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் வைத்தே இந்தக் குறியீடு அமைவதால் தமிழர்கள் கவனமாக இருக்க வேண்டும். நம்மவர் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வரும். எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி ஊரிலேயே சரிசெய்துகொண்டு புறப்படுவது நல்லது.

அடுத்தது 'பெர்மெசோ தி சொஜோர்னோ' என்ற தங்கும் அனுமதி. நாட்டுக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான உறையைத் தருவதும் நிரப்பியதை வாங்கிக்கொள்வதும் அஞ்சலகம். அதில் ஒட்ட 16 யூரோ முத்திரை வில்லை வேண்டும். வாசலில் 'டி' என்ற எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடைகளில் அது கிடைக்கும். பிறகு குவெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்தில் கைரேகை பதிவார்கள். அட்டை வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அஞ்சலக ரசீதுதான் ஆதாரம்; அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நெடுநாள் ஊருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓராண்டு அனுமதி வைத்திருப்பவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அதைப் புதுப்பிப்பது சிக்கலாகும்.

மூன்றாவது 'ரெசிதென்சா', அதாவது ஊர் நிர்வாகமான கொமூனேயின் குடிப் பதிவு. விண்ணப்பித்த 45 நாட்களுக்குள் நகரக் காவலர் வீட்டுக்கு வந்து, நீங்கள் உண்மையாகவே அங்கே வசிக்கிறீர்களா என்று பார்ப்பார். அழைப்பு மணியிலும் அஞ்சல் பெட்டியிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இந்தப் பதிவு முடிந்தால்தான் அடையாள அட்டை கிடைக்கும். வீடு வாங்கும்போதும் வரி செலுத்தும்போதும் இதன் பயன் தெரியும்.

மருத்துவம்

1978-இல் நிறைவேறிய 833-ஆம் எண் சட்டத்தால் உருவானது இத்தாலியின் தேசிய நலவாழ்வுச் சேவை. அதில் பதிந்தவருக்குக் குடும்ப மருத்துவர் ஒருவர் ஒதுக்கப்படுவார். அவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சிறப்பு மருத்துவரிடம் போக அவர் சீட்டு எழுதித் தர வேண்டும், அங்கே சிறு கட்டணம் உண்டு.

ரெசிதென்சா எலெத்திவாவில் வந்தவர்கள் இதில் பணம் கட்டியே சேர முடியும். முன்பு குறைந்தபட்சக் கட்டணம் ஆண்டுக்கு 387 யூரோ சொச்சமாக இருந்தது. 2024 முதல் அது 2,000 யூரோ. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று ஆண்டு கணக்கிடப்படுவதால், ஆண்டுக் கடைசியில் சேர்ந்தாலும் முழுத்தொகையும் கட்ட வேண்டும். பழைய செலவுக் கணக்குகளை நம்பிக் கிளம்புகிறவர்கள் தடுமாறும் இடம் இது.

அதைவிட முக்கியம், எந்த ஊரில் சேர்கிறோம் என்பது. நலவாழ்வுச் சேவையை நடத்துவது மாநிலங்கள். வடக்கில் லொம்பார்தியா, எமிலியா ரொமாஞ்ஞா போன்றவற்றின் மருத்துவமனைகளைத் தேடித் தெற்கிலிருந்து நோயாளிகள் ரயில் ஏறுகிறார்கள். கலாப்ரியா மாநிலத்தின் நலவாழ்வுத் துறை 2010 முதல் பல ஆண்டுகள் மத்திய அரசு நியமித்த ஆணையரின் பொறுப்பில் இருந்தது. மருத்துவர் பற்றாக்குறையைத் தாங்க முடியாமல் 2022 இறுதியில் அம்மாநிலம் கியூபாவிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது. 7 சதவீத வரிச் சலுகை கிடைக்கும் மாநிலங்களில் கலாப்ரியாவும் ஒன்று. வரியில் மிச்சமாவதை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர், எழுபத்தைந்து வயதில் நெஞ்சுவலி வந்தால் எத்தனை நிமிடத்தில் அவசரப் பிரிவை அடைய முடியும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரியும் வாரிசும்

ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் இத்தாலியில் வாழ்பவர் வரிக்கணக்கில் அந்த நாட்டவர். உலகின் எந்த மூலையிலிருந்து வரும் வருமானத்தையும் அவர் காட்ட வேண்டும். சாதாரண வருமான வரி 23 சதவீதத்தில் தொடங்கி 43 வரை போகும். அதற்கு மேல் மாநிலமும் ஊரும் தம் பங்கை வசூலிக்கும். சென்னையில் வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் வாடகையோடு அந்த வீட்டையும் கணக்கில் காட்ட வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுச் சொத்துக்கும் முதலீட்டுக்கும் தனி வரிகள் இருக்கின்றன. இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. ஒரே வருமானத்துக்கு இரு நாட்டிலும் முழு வரி கட்டும் நிலையை அது தடுக்கும். கணக்குக் காட்டும் கடமையை அது நீக்காது.

7 சதவீதத் திட்டம் பத்தாண்டு வரை நீடிக்கும். சிசிலி, சார்தீனியா, கலாப்ரியா, கம்பானியா, பசிலிகாத்தா, புல்யா, மொலீசே, அப்ருட்சோ ஆகிய எட்டு மாநிலங்களின் சிற்றூர்களுக்கு அது பொருந்தும். தொடங்கியபோது மக்கள்தொகை 20,000-ஐத் தாண்டாத ஊர் என்று வரையறுத்தார்கள். முந்தைய ஐந்தாண்டுகளில் இத்தாலியில் வரிக்குடியாக இருந்திருக்கக் கூடாது. வெளிநாட்டு ஓய்வூதியம் வாங்குபவராகவும் இருக்க வேண்டும். வாடகையிலும் ஈவுத்தொகையிலும் மட்டுமே வாழ்பவருக்கு இது கிடையாது.

வாரிசு விஷயத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 2015 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிப்படி, ஒருவர் நிலையாக வாழ்ந்த நாட்டின் சட்டமே அவருடைய சொத்துப் பிரிவினைக்குப் பொருந்தும். இத்தாலியச் சட்டம் துணைக்கும் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பங்கு ஒதுக்குகிறது. தம் சொந்த நாட்டுச் சட்டமே வேண்டும் என்பவர் உயிலில் அதைத் தெளிவாக எழுதி வைக்கலாம்.

வீடு

வீடு வாங்குவதில் இரண்டு கட்டங்கள். முதலில் 'கொம்ப்ரொமெசோ' என்ற முன் ஒப்பந்தம். அப்போது கொடுக்கும் முன்பணம், வாங்குபவர் பின்வாங்கினால் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். அடுத்தது 'நொதாயோ' முன்னிலையில் பத்திரப் பதிவு. வில்லங்கம் பார்ப்பதும் வரி வசூலிப்பதும் அவர் பொறுப்பு. சுவரில் விரிசல் இருக்கிறதா, அனுமதி இல்லாமல் அறை கட்டியிருக்கிறார்களா என்பதைச் சொல்ல 'ஜெயோமெத்ரா' என்ற கட்டட நிபுணரைத் தனியாக அமர்த்த வேண்டும். 2009-இல் லாக்விலாவும் 2016-இல் அமத்ரீச்சேயும் நிலநடுக்கத்தில் இடிந்த நாட்டில் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஒரு யூரோ வீடுகளுக்கு வழக்கமாக மூன்றாண்டுக்குள் செப்பனிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சம்பூகாவில் 5,000 யூரோ பிணைத்தொகை கேட்டார்கள். கூரையையும் குழாயையும் மின்கம்பியையும் புதிதாகப் போட வேண்டிய வீட்டுக்கு உண்மையான விலை பல்லாயிரம் யூரோ.

ஆகவே முதலில் வாடகைக்கு இருப்பதே நல்லது. விசாவுக்கே பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் பயன்படும். ஜூலையில் கடற்கரையில் கூட்டம் அலைமோதும் ஊர், பிப்ரவரியில் எப்படி இருக்கிறது என்று வாழ்ந்து பார்த்தபின் வாங்கலாம். அப்போது எந்தக் கடை திறந்திருக்கிறது, ரயில் வருகிறதா, கல் வீட்டின் ஈரம் எலும்பைத் துளைக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அன்றாடம்

வீடுகளுக்கான மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட். துணி துவைக்கும் இயந்திரமும் மின் அடுப்பும் சேர்ந்து ஓடினால் மின்சாரம் நின்றுவிடும். குளிர்கால வெப்பமூட்டலுக்கு நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து நாளும் நேரமும் வகுத்திருக்கிறார்கள். மிலானில் வழக்கமாக அக்டோபர் 15 முதல் நாளுக்கு 14 மணி நேரம். பலேர்மோவில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து 8 மணி நேரம். சிற்றூர்க் கடைகள் மதியம் மூடி மாலையில் திறக்கும். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய நாட்களில் குழாய் பழுதுபார்ப்பவரைக்கூடப் பிடிக்க முடியாது.

கார் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குடிப் பதிவுக்குப் பிறகு வெளிநாட்டு உரிமம் ஓராண்டுதான் செல்லும். இந்திய உரிமத்தை மாற்றித் தரும் ஒப்பந்தம் இல்லாததால் புதிதாகத் தேர்வு எழுத வேண்டும். அதில் ஆங்கிலம் கிடையாது.

மொழியும் ஊரும்

ஓராண்டோ அதற்கு மேலோ அனுமதி பெற்று முதன்முறையாக வருபவர்கள் அரசோடு ஓர் ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற விதி 2012-இல் வந்தது. அதன்படி இரண்டாண்டுக்குள் ஏ2 அளவில் இத்தாலிய மொழி பேசத் தெரிய வேண்டும். ஐந்தாண்டுக்குப் பின் கிடைக்கும் நீண்டகால அனுமதிக்கும் ஏ2. பத்தாண்டுக்குப் பின் கோரும் குடியுரிமைக்கு பி1. அரசின் வயதுவந்தோர் கல்வி மையங்களில் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ மொழி கற்பிக்கிறார்கள். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் கற்க வேண்டும். வயிற்றில் எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லத் தெரியாதவர் எத்தனை அழகான ஊரில் இருந்தாலும் அந்நியர்தான்.

ஒட்டி வாழ்வது எப்படி என்பதற்கு நம்மவர்களே நல்ல சான்று. போரால் இடம்பெயர்ந்து பலேர்மோவில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து வேரூன்றினார்கள். நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா. 1624 கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று பலேர்மோ மக்கள் நம்பும் அவருடைய குகைக் கோயில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கரோடு தமிழ் இந்துக்களும் அங்கே மலையேறி வழிபடுகிறார்கள். ஊரார் போற்றுவதைத் தாமும் போற்றியதால் அந்த ஊர் அவர்களுக்கும் சொந்தமானது. பணத்தோடும் ஓய்வூதியத்தோடும் வருபவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இது.

இத்தாலி ஓய்வுக்காலத்துக்கு நல்ல நாடுதான். ஆனால் அங்கே குறைந்துகொண்டிருப்பது மனிதர்கள். ஊருக்குத் தேவை, குளிர்காலத்திலும் விளக்கெரியும் வீடு. கோடையில் மட்டும் திறக்கும் இன்னொரு பூட்டிய வீடு அல்ல. போக நினைப்பவர்கள் மொழியை இன்றே தொடங்குங்கள், மருத்துவமனை அருகே உள்ள ஊரில் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள், வீட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்குங்கள்.