வீட்டுத் தொட்டியில் கூட்டமாய் வாழும் சின்ன மீன்கள்



பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் கண்ணாடித் தொட்டி வாங்கிய உறுப்பினர்கள் வட்டாரக் கூட்டங்களில் நம்மிடம் சொல்லும் குறை ஒண்ணேதான். "ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா செத்து மிதக்குது." திராட்சை பறித்தும் களை எடுத்தும் சேர்த்த காசு அது. மறுபடி மீன் வாங்கிவிட்டு, மறுபடி அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்கிறோம். இதற்குக் கண் திருஷ்டி காரணமில்லை. பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அதற்கு அடுத்தது, மீனைத் தேர்ந்தெடுத்த விதம்.

முதலில் எந்த மீன் என்று பார்ப்போம். புதிதாக வளர்ப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது வரிக்குதிரை மீன். கடையில் 'ஜீப்ரா' என்று கேட்டால் கொடுப்பார்கள். நீல வரி போட்ட, இரண்டு விரற்கடை நீளமுள்ள சாதுவான மீன். நம் நாட்டு ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் பிறந்த இனம். அதனால் கம்பம் பகுதி மார்கழிக் குளிரையும் சித்திரை வெயிலையும் ஓரளவு தாங்கும், ஹீட்டர் தேவைப்படாது. சின்ன மீன்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இந்த மீனை வைத்துச் செய்த ஆய்வு 1981இல் வெளிவந்த பிறகு, உலகம் முழுக்க மருத்துவ ஆய்வுக்கூடங்களில் இதை வளர்க்கிறார்கள்.

இன்னொரு நல்ல மீன் இலங்கையைச் சேர்ந்த செர்ரி பார்ப். ஆண் மீன் செக்கச் செவேலென்று இருக்கும், யாரையும் தொந்தரவு செய்யாது. நியான் டெட்ரா பார்க்க அழகு. ஆனால் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீருக்குப் பழகிய இனம், புதுத் தொட்டியில் சீக்கிரம் போய்விடும். டைகர் பார்ப் மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும். 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று விற்கும் டேங்க் கிளீனர் மீனும் வேண்டாம். அது ஒரு அடிக்கு மேல் வளரும்.

இந்தச் சின்ன மீன்களை ஒண்ணு ரெண்டாக வாங்கக் கூடாது. ஆற்றில் இவை கூட்டமாகத் திரிவது பாதுகாப்புக்காக. கூட்டத்தில் எதைப் பிடிப்பது என்று பெரிய மீன் தடுமாறிப் போகும். தனியாக விட்டால் பயந்து மூலையில் ஒளியும், தீனி எடுக்காது, அல்லது பக்கத்து மீனை விரட்டும். குறைந்தது 6 மீன் ஒரே இனமாக இருக்கட்டும். தனியாளாகச் சங்கத்துக்கு வந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள், புரியும்!

வட்டக் கிண்ணம் இதுக்கு ஆகாது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் நிற்கும். தண்ணீர் மட்டும் 50 கிலோ, எனவே ஆடாத மேசை வேண்டும். ஜன்னல் வெயில் படக்கூடாது, பாசி பிடிக்கும். ஜீப்ரா துள்ளிக் குதிக்கும் மீன், மேலே வலையோ மூடியோ கட்டாயம்.

இப்போது தண்ணீர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும். அதை மாற்றிக் கெடுதல் குறைக்கும் நல்ல கிருமிகள் வடிகட்டி ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. அதனால்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்போதே மீன் சாகிறது. பாலுக்கு உறை ஊற்றுகிறோம் இல்லையா, அதுபோல, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஸ்பாஞ்சு பிழிந்த தண்ணீர் வாங்கி ஊற்றினால் சீக்கிரம் தேறும். முதலில் 6 மீனோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துக் கூட்டலாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனையும் கெடுக்கும், நல்ல கிருமியையும் கொல்லும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்த பிறகு ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மட்டும் மாற்றினால் போதும். முழுத் தொட்டியையும் கவிழ்த்து, சோப்புப் போட்டுத் தேய்ப்பது நம் பெண்களுக்குப் பழக்கம். பாத்திரத்துக்குச் சரி, தொட்டிக்குச் சரியில்லை. ஸ்பாஞ்சையும் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். அந்தத் தண்ணீர் மல்லிகைச் செடிக்கு நல்ல உரம்.

தீனி ஒரு சிட்டிகை, இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. பிள்ளைகள் கையில் டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள். கரண்ட் போனால் குவளையில் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினால் காற்று சேரும்.

நம் பள்ளத்தாக்கில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடித்த கையோடு தொட்டியைத் தொடக்கூடாது. பூச்சிமருந்து துளி பட்டாலே மீன் செத்துவிடும். கொசு மருந்து அடிக்கும்போது காற்று மோட்டாரை நிறுத்தித் தொட்டியைத் துணியால் மூடுங்கள்.

வளர்க்க முடியாவிட்டால் முல்லைப் பெரியாற்றிலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். டேங்க் கிளீனர் மீன்கள் இப்படி விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீன்களோடு போட்டி போடுகின்றன. வேறொரு வீட்டுக்குக் கொடுங்கள்.

சில உறுப்பினர்கள் இதைத் தொழிலாகச் செய்யக் கடன் கிடைக்குமா என்கிறார்கள். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பைப் பல குடும்பங்கள் தொழிலாகவே செய்கின்றன. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைத்தார்கள். இப்போதைய நிலவரத்தை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் எங்கள் கருத்து, முதலில் சொந்தக் காசில் 6 ஜீப்ராவை ஆறு மாதம் சாகாமல் வளர்த்துக் காட்டுங்கள். அடியில் கோலிக்குண்டு பரப்பினால் அவை போடும் முட்டை இடுக்கில் விழுந்து தப்பும், இல்லாவிட்டால் தாய் மீனே தின்றுவிடும். குஞ்சு பொரித்த பிறகு சங்கத் தீர்மானத்தில் கடன் பற்றி எழுதலாம்.