அமிலம் விழுந்தும் உறையாத பால்

பேராக்கில் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஃபார்மிக் அமிலத்தின் நெடி தெரியும். மங்கில் வடிந்த பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய் அந்த அமிலத்தை ஊற்றினால் பால் உறையும். உருளையில் நசுக்கிப் புகையில் காயவைத்தால் ஷீட். 1877இல் கோலகங்சாரில் கன்று நட்ட காலம் போய், சுங்கை சிப்புட் பக்கம் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனால் அதே பாலையும் அதே அமிலத்தையும் கொண்டு, உறையவிடாமலே, வேறொரு ரப்பர் செய்கிறார்கள்.

அதற்கு எபாக்சி ரப்பர் (Epoxidised Natural Rubber, சுருக்கமாக ஈ.என்.ஆர்) என்று பெயர். அமிலத்தில் உறையாதபடி பாலில் முதலில் மின்னூட்டமற்ற சோப்பு வகை ஒன்றைக் கலக்கிறார்கள். பிறகு ஃபார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கிறார்கள். இரண்டும் கூடிப் பெர்ஃபார்மிக் அமிலமாகி, ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜனை வளையமாகப் பொருத்துகிறது. நூற்றில் ஐம்பது பிணைப்புகள் மாறினால் அது ஈ.என்.ஆர்-50. மாறிய அலகும் மாறாத அலகும் ஒழுங்கின்றிக் கலந்து கிடப்பதால் இது கோபாலிமர். சங்கிலியைக் கோத்தது மரம்தான். வேதியியலாளர் நடுவில் கைவைத்தார், அவ்வளவே.

அந்தக் கைவைப்பின் பலன் பெரிது. சாதா ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், இது தாங்கும். காற்றையும் எளிதில் கசியவிடாது. விலையும் உண்டு: சாதா ரப்பர் ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரியில்தான் கண்ணாடிபோல் விறைக்கும், ஈ.என்.ஆர்-50 மைனஸ் 20 டிகிரியை ஒட்டியே விறைத்துவிடும். ஈப்போ வெயிலில் யாருக்கு அந்தக் கவலை!

சூட்டில் என்ன ஆகும்? ரப்பரைச் சுட்டு வடித்தால் ஐசோபிரீன் வரும் என்று 1860இலேயே கிரெவில் வில்லியம்ஸ் கண்டார். இன்று சில மில்லிகிராம் துணுக்கை நைட்ரஜனில் மெல்லச் சூடேற்றி, எடை குறைவதை நுண்தராசில் பார்க்கிறார்கள். 400 டிகிரியை நெருங்கும்போது சாதா ரப்பரின் கோடு சரேலென இறங்கும். ஆய்வறிக்கைகளில் அந்த வளைவுக்குத்தான் மவுசு. எனக்கென்னவோ, எஞ்சினில் உழைக்கும் ஈ.என்.ஆர் எண்ணெய்ச் சீலுக்கு 100 டிகிரிச் சூடே பெரிய சோதனை என்றுதான் படுகிறது. கழுவாமல் விட்ட அமிலமும், ரப்பரைப் பதப்படுத்தும்போது உண்டான கந்தகச் சேர்மங்கள் சிதைந்து உண்டாகும் அமிலமும் அந்தச் சூட்டிலேயே ஆக்சிஜன் வளையங்களைத் திறந்துவிடும். திறந்தவை பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, சரக்கு இறுகி வெடிப்பு விடும். அதனால்தான் அமிலத்தை முறிக்கக் கால்சியம் ஸ்டியரேட் போன்ற காரப் பொருளைக் கலவையில் சேர்க்கிறார்கள்.