வெற்றுக் கட்டத்தின் பொருள்: நிகழ்நிலைப் புள்ளிப் பதிவேடு பற்றிய சில குறிப்புகள்

ஆசிரியரின் கடமைகளுள் புள்ளிகளைப் பதிதலும் கூட்டுதலும் எழுதுவினைஞர் வேலையாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்துள்ளன. விரிவுரையும் ஆய்வும் அறிவுசார் முயற்சிகள். சராசரி காண்பது இயந்திரத்தனமானது என்பது பொதுவான எண்ணம். இன்று அவ்வேலையை உண்மையிலேயே ஓர் இயந்திரம் ஏற்றுக்கொண்டுள்ளது. எனினும், அஃது எவ்வாறு கூட்டுகின்றது, எதனைக் கூட்டாது விடுகின்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. நிகழ்நிலைப் புள்ளிப் பதிவேட்டின் இயக்கத்தை விளக்குவதும், கணிதத் தோற்றங்கொண்ட அதன் தெரிவுகள் உண்மையிற் கல்வியியல் தீர்மானங்களே என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவரை அளந்து நிரற்படுத்தும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் யேல் கல்லூரித் தலைவராயிருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ், 1785இல் தாம் பரீட்சித்த 58 மாணவரை இலத்தீன் அடைமொழிகளால் நான்கு தரத்தினராக வகுத்துத் தமது நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். பிற்காலத்திற் பல கல்விக்கூடங்களில் அடைமொழிகளின் இடத்தை எண்கள் பெற்றன. எண் வந்ததும், கட்டுரை, வாய்மொழி, களஆய்வு, எழுத்துப் பரீட்சை ஆகிய வேறுபட்ட முயற்சிகளைக் கூட்டுவது இயல்வதாயிற்று. வெவ்வேறு பருண்மையான உழைப்புகள் சரக்குற்பத்தியில் அருவமான ஒரே உழைப்பாக ஒடுக்கப்படுவதை மார்க்ஸ், 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற் பாகத்தில் ஆராய்ந்தார். இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் பொருந்தாது. மாணவரின் புள்ளி சந்தைச் சரக்கன்று. ஆயினும், பண்பு வேறுபாடுகள் அளவு வேறுபாடுகளாக மாற்றப்படும்போது மறைந்துபோவது எது என்ற வினா இரண்டுக்கும் பொதுவானதாகும்.

நமது நாட்டிற் பல்கலைக்கழகங்கள் பலவும் பயன்படுத்தும் ‘மூடுல்’ என்னும் மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இதன் முதற் பதிப்பு 2002இல் வெளியாயிற்று. இதன் புள்ளிப் பதிவேடு அடிப்படையில் ஓர் அட்டவணையே. மாணவர் பெயர்கள் நிரைகளாகவும், ஒப்படைகள், வினாவிடைகள், பரீட்சைகள் என்பன நிரல்களாகவும் அமையும். நிரல்களை வகைகளாகத் தொகுக்கலாம்; ஒவ்வொரு வகைக்கும் நிறை வழங்கலாம்; வகையினுள் எவ்வாறு கூட்டுவது என்பதைத் தெரிவு செய்யலாம்.

இத்தெரிவின் விளைவை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். ஒரு மாணவி 20 புள்ளிகளுக்குரிய ஒப்படையில் 18உம், 100 புள்ளிகளுக்குரிய பரீட்சையில் 50உம் பெற்றுள்ளார் எனக் கொள்வோம். பெற்ற புள்ளிகளை உள்ளவாறே கூட்டினால் 120க்கு 68, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 57. இரண்டையும் நூற்றுவீதமாக்கிச் சம நிறையுடன் சராசரி கண்டால் 70. ஒப்படைக்கு 40, பரீட்சைக்கு 60 என நிறை வழங்கினால் 66. விடைத்தாள்கள் மாறவில்லை, திருத்தியவரும் மாறவில்லை. எனினும், ஒரு வகுப்புச் சித்திக்கு 60 வேண்டுமென விதியிருப்பின், முதன் முறையில் அம்மாணவி அதனை இழக்கிறார். ஏனைய இரு முறைகளிலும் பெறுகிறார். மூடுலில் ஆசிரியர் எதனையும் மாற்றாதுவிடின், பொதுவாக முதன் முறையே செயற்படும். அம்முறையில், ஒரு வேலைக்கு வழங்கப்பட்ட உச்சப் புள்ளியே அதன் நிறையாகிவிடுகின்றது. பல வாரக் களஆய்வுக்கு 20 எனவும் ஒரு மணித்தியாலப் பரீட்சைக்கு 100 எனவும் குறித்த மாத்திரத்தே, பின்னையது முன்னையதிலும் ஐந்து மடங்கு பெறுமதியுடையதென்ற தீர்மானம் எவரும் அறியாமலே எடுக்கப்பட்டுவிடுகின்றது.

இதனினும் நுட்பமானது வெற்றுக் கட்டம் பற்றிய பிரச்சினையாகும். மூன்று ஒப்படைகளுள் ஒரு மாணவர் இரண்டில் 70, 80 பெற்று, மூன்றாவதைச் சமர்ப்பிக்கவில்லை என்க. வெற்றுக் கட்டத்தைக் கணக்கிற் கொள்ளாதுவிடின் அவரது சராசரி 75. அதனைப் பூச்சியமாகக் கொள்ளின் 50. மூடுலில் வெற்றுக் கட்டங்களைத் தவிர்க்கும் தெரிவே வழக்கமாக முன்கூட்டி அமைந்திருக்கும். அரையாண்டின் இடையில் இது பொருத்தமானதே. இன்னும் நடைபெறாத பரீட்சைக்காக எவரும் பூச்சியம் பெறலாகாது. ஆனால் இறுதிக் கணிப்பின்போதும் அது மாறாதிருப்பின், சமர்ப்பிக்காதவர் சமர்ப்பித்துக் குறைந்த புள்ளி பெற்றவரை விஞ்சிவிடுவார். மறுதலையாக, வெற்றிடங்கள் யாவற்றையும் ஒரே சொடுக்கிற் பூச்சியமாக்குவதும் அநீதிக்கு இடமளிக்கும்.

ஏனெனில் வெற்றுக் கட்டம் ஒரு பொருளுடையதன்று. இன்னும் திருத்தப்படாமை ஒன்று, சமர்ப்பிக்காமை மற்றொன்று, சமர்ப்பிக்க இயலாமை முற்றிலும் வேறானது. 2020இற் பெருந்தொற்றினால் வகுப்புகள் நிகழ்நிலைக்கு மாறியபோதும், 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியபோதும், மின்பிறப்பாக்கியும் சொந்தக் கணினியும் உடைய வீட்டு மாணவரும், குடும்பத்துக்கே ஒரு கைத்தொலைபேசி கொண்ட மலையகத் தோட்டக் குடியிருப்பு மாணவரும் ஒரே காலக்கெடுவை எதிர்கொண்டனர். பதிவேட்டில் இருவருக்கும் ஒரேயளவான கட்டமே உண்டு. வர்க்க வேறுபாடு அங்கே வெற்றிடமாகவே தோன்றுகிறது. பூச்சியமாக மாறியதும் அது தனிமனிதக் குறைபாடாகத் தோற்றமளிக்கிறது. இதற்கெனக் குறித்த மாணவரின் குறித்த வேலையைக் கணிப்பிலிருந்து விலக்கும் வசதி மூடுலில் உண்டு. ஆனால் எவருக்கு விலக்களிப்பது என்பதை மென்பொருள் அறியாது. மாணவரின் நிலைமையை அறிந்த ஆசிரியரே அறிவார்.

புள்ளிகளைக் கையாளும் கணிதம் நடுநிலையானதன்று என்பதை இந்நாட்டுத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், பெற்ற புள்ளிக்கும் கணிக்கப்பட்ட புள்ளிக்கும் இடையே அரசியல் நுழைய முடியும் என்பதை ஒரு தலைமுறைக்கே உணர்த்திற்று. புள்ளிப் பதிவேட்டின் தெரிவுகளை அதனோடு சமப்படுத்துவது எமது கருத்தன்று. அங்கு தீர்மானம் வெளிப்படையானது, ஆகவே எதிர்க்கப்பட்டது. இங்கு தீர்மானம் முன்னமைவாக உறைந்து கிடக்கின்றது, ஆகவே கவனிக்கப்படுவதில்லை.

உழைப்பின் திட்டமிடலும் செயற்படுத்தலும் வேறாக்கப்படுவதே நவீன முதலாளித்துவத் தொழில் ஒழுங்கமைப்பின் பண்பென ஹரி பிறேவர்மன் 1974இல் எடுத்துக்காட்டினார். ஆசிரியர் எண்களை இடுபவராக மாத்திரம் குறுகி, கூட்டும் விதியை நிருவாகமோ மென்பொருள் நிறுவனமோ வகுக்கும் நிலை அதன் ஒரு வடிவமேயாகும். 2024இல், புள்ளிப் பதிவேடுகளை உள்ளடக்கிய அமெரிக்க மென்பொருள் நிறுவனங்களான பவர்ஸ்கூலும், ‘கான்வாஸ்’ மென்பொருளின் உரிமையாளரான இன்ஸ்ட்ரக்சரும், முறையே ஏறத்தாழ 560 கோடி, 480 கோடி டொலருக்குத் தனியார் முதலீட்டு நிறுவனங்களின் கைக்கு மாறின. மூடுலின் நிரல்மூலம் எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடியது. எனினும், திறந்திருக்கும் கதவினால் எவரும் நுழையாவிடின் பயனில்லை.

எனவே சில நடைமுறைகள் இன்றியமையாதன. முதலாவதாக, கூட்டும் முறையும் நிறைகளும் பாடநெறி தொடங்குமுன் துறையிற் கூடித் தீர்மானிக்கப்பட்டு மாணவருக்கு எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, இறுதிக் கணிப்புக்கு முன் ஒவ்வொரு வெற்றுக் கட்டமும் தனித்தனியே ஆராயப்பட்டு, திருத்தப்படாதது, பூச்சியம், விலக்கு என மூன்றுள் ஒன்றாக வகுக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, பதிவேட்டின் கட்டத்தில் நேரடியாகப் புள்ளியை மாற்றுதல் இயன்றவரை தவிர்க்கப்படல் வேண்டும். அவ்வாறு மாற்றினால் அப்புள்ளி மேலெழுதப்பட்டதாகக் குறிக்கப்படும். பின்னர் ஒப்படைப் பகுதியில் திருத்தம் செய்தாலும் அது பதிவேட்டை வந்தடையாது. நான்காவதாக, எவர் எப்பொழுது எப்புள்ளியை மாற்றினார் என்பதைக் காட்டும் புள்ளி வரலாற்று அறிக்கை, மாணவர் முறையீடு செய்யும்போது சான்றாகக் கொள்ளப்படல் வேண்டும். ஐந்தாவதாக, ஒரு மாணவரின் புள்ளியையேனும் கையாற் கணித்து, மென்பொருளின் விடையோடு ஒப்பிடுதல் நன்று.

கருவியை நிராகரிப்பது எமது நோக்கமன்று. நூற்றுக்கணக்கான விடைத்தாள்களின் புள்ளிகளைப் பிழையின்றிக் கூட்டவும், மாணவர் தம் நிலையை உடனுக்குடன் அறியவும் அது உதவுகின்றது. ஆசிரியரின் தனிக் குறிப்பேட்டில் மறைந்திருந்ததை அது மாணவருக்கும் புலப்படுத்த வல்லது. ஆயின் மாணவர் தமது புள்ளியை மட்டுமன்றி, அப்புள்ளி பெறப்பட்ட விதியையும் அறிந்து வினவும் உரிமையுடையோராதல் வேண்டும். அவ்வுரிமையை நிறுவுவது மென்பொருளின் பணியன்று. அது ஆசிரியரும் மாணவரும் கூடி நிறைவேற்ற வேண்டிய பணியாகும்.