கருவையை வெட்டினால் போதாது, தூரை எடுக்கணும்

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, எங்கள் இராமநாதபுரம் பக்கம் ஊரெல்லாம் பொக்லைன் சத்தம். நானும் கடன் வாங்கி, ஆள் விட்டு, என் மூணு ஏக்கர் மானாவாரி நிலத்தில் நின்ற கருவையை அடியோடு அறுத்தேன். அடுத்த மழைக்கு ஒரு மரம் நின்ற இடத்தில் ஏழெட்டுத் தளிர். முன்பு ஆள் நுழைய வழியாவது இருந்தது. பிறகு ஆடுகூட நுழையவில்லை. "காசைக் கொடுத்துக் காட்டை வாங்கிட்டியேப்பா" என்றார் பெரியப்பா.

தப்பு எங்கே? இந்த மரம் அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலத்திலிருந்து வந்தது. அதன் உயிர், தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கிறது. மண்ணுக்குச் சற்றுக் கீழே அங்கேதான் மொட்டுகள் உறங்குகின்றன. மேலே அறுத்தால் அவை விழித்துக்கொள்ளும். ஆகவே சுற்றிலும் தோண்டி, ஓரடி ஆழத்தில் வேரை வெட்டி, தூரை முழுசாக வெளியே எடுக்கணும். டீசல், ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. நஞ்சில்லா மண் வேண்டும் என்கிற நமக்கு அது ஆகாது.

இதற்கும் பருவம் உண்டு, உழவர்களே.

தை, மாசி: மழை ஈரம் மண்ணில் மிச்சம் இருக்கும்போதே தூர் தோண்டுங்கள். சித்திரையில் கரிசல் கல்லாகிவிடும், கடப்பாரை இறங்காது. காய் பழுத்து விழுவதற்கு முன்பே மரம் போய்விட வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

கோடை: வேலியோரக் காய்களைப் பொறுக்குங்கள். விதையின் ஓடு கெட்டி. ஆடு, மாட்டு வயிற்றில் அது செரிக்காமல் சாணியோடு வந்து முளைக்கும். காயை அரைத்துத் தீவனத்தில் கலந்தால் விதை சாகும். கருவைக் காய் தின்ற ஆட்டைக் கிடை போட்டால் எருவோடு கருவையும் வரும். எருவை நன்றாக மக்க வைத்துப் போடுங்கள்.

ஆவணி, புரட்டாசி: நிலத்தை வெறுமையாக விடாதீர்கள். வரப்பில் பனை விதை, வேம்பு, நடுவில் குதிரைவாலி. விதைக்காத இடத்தில் கொளுஞ்சி தூவுங்கள்; ஆடு அதிகம் மேயாது. கருவை நின்ற மண் செத்துப்போச்சு என்பார்கள். அதுவும் பயறுவகைக் குடும்ப மரம்தான், இலையும் உதிர்த்திருக்கிறது. என் வயலில் முதல் வருஷக் குதிரைவாலி அங்கேதான் செழித்தது.

கார்த்திகை, மார்கழி: நாற்றைக் கையால் பிடுங்குங்கள். விரல் நீளத்தில் இருந்தால் ஈர மண்ணில் வேரோடு வரும். விட்டுவைத்தால் அடுத்த தையில் கடப்பாரை வேலை. விதை மண்ணில் பல வருஷம் உறங்கும், அதனால் வருஷா வருஷம் செய்யணும்.

ஒரு எச்சரிக்கை: நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீர்கள். அதற்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தது மாதிரிக் காய். சீமைக்கு நீண்ட கதிர்ப் பூ, இடுக்கில்லாத நீளக் காய்.

இரண்டாம் தடவை நான் இறங்கியபோது, கரிமூட்டம் போடும் பக்கத்துத் தெரு அக்கா கேட்டார்: "தம்பி, எல்லாத்தையும் ஒரே வருஷத்துல எடுத்துட்டா கோடையில நாங்க எங்க போறது?" எங்கள் பகுதியில் எத்தனையோ வீட்டில் கோடையில் அடுப்பெரிவது இந்த மரத்தால்தான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் நிலத்தை மூணு பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு பங்கு என்று பேசினோம். மரமும் தூரும் அவருக்கு. தோண்டுகிற வேலை அவர் ஆட்களுடையது. தூரும் கரிக்கு ஆகும் என்பதால் அவர்கள் ஒன்றையும் மண்ணில் விடவில்லை. எனக்குப் பைசா செலவில்லை. பொக்லைன் செய்யாததை இந்த ஏற்பாடு செய்தது.

இப்போது மூணாம் பங்கும் முடிந்துவிட்டது. வரும் கோடைக்கு அந்த அக்காவுக்கு என் நிலத்தில் வேலை இல்லை. ஊர்க் கண்மாய்க்குள் நிற்கும் கருவையையும் இதே மாதிரிப் பங்கு பிரித்து எடுக்கலாமே என்று இரண்டு பேரும் சேர்ந்து ஊராட்சியில் கேட்டிருக்கிறோம். உங்கள் ஊரிலும் கடப்பாரை எடுக்கும் முன் கரி சுடுகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.