கம்மி பட்ஜெட்டில் பவர்ஃபுல் லேசர்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ரீல்ஸில் ஒரு கை மட்டும் தெரிகிறது. கையில் டார்ச் லைட் அளவுக்கு ஒரு கறுப்பு உலோகக் குழாய். பட்டனை அழுத்தியதும் நீல நிறக் கோடு ஒன்று பாய்கிறது. வரிசையாக நிற்கும் கறுப்பு பலூன்கள் பட் பட்டென்று வெடிக்கின்றன. அடுத்து தீக்குச்சி தானாகப் பற்றிக்கொள்கிறது. கீழே கமென்ட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “எவ்ளோ ப்ரோ? லிங்க் போடுங்க!”

லிங்க்கைத் தட்டினால் குழப்பம் ஆரம்பிக்கிறது. சில நூறு ரூபாய்க்கும் லேசர் இருக்கிறது, பல ஆயிரத்துக்கும் இருக்கிறது. படத்தில் எல்லாமே ஒரே மாதிரி. ஒன்றில் 5 மில்லிவாட் என்று போட்டிருக்கிறார்கள், பக்கத்திலேயே இன்னொன்றில் 1,000 மில்லிவாட். முதல் முறை வாங்குகிறவர் பெரும்பாலும் செய்வது என்ன? கையிலிருக்கும் காசுக்குள் எதில் பெரிய எண் இருக்கிறதோ, அதை கார்ட்டில் போடுவது. தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

5 மில்லிவாட்டும் 1,000 மில்லிவாட்டும்

லேசர்களை அவை உண்டாக்கக்கூடிய ஆபத்தை வைத்து உலக அளவில் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொடர்ந்து வெளியிடும் லேசர்களுக்கு, எளிமையாகச் சொன்னால், கணக்கு இதுதான்:

* வகுப்பு 2: 1 மில்லிவாட் வரை. தவறிக் கண்ணில் பட்டாலும், கால் நொடிக்குள் இமை மூடிவிடும், தலை திரும்பிவிடும். அந்த அனிச்சைச் செயலே பெரும்பாலும் போதுமான பாதுகாப்பு.
* வகுப்பு 3ஆர்: 5 மில்லிவாட் வரை. கவனமாகக் கையாண்டால் ஆபத்து குறைவு. அமெரிக்காவில் ‘பாயின்டர்’ என்ற பெயரில் விற்க இதுதான் உச்ச வரம்பு.
* வகுப்பு 3பி: 5 முதல் 500 மில்லிவாட் வரை. நேராகவோ, கண்ணாடியில் பட்டுத் திரும்பியோ கண்ணில் விழுந்தால் இமை மூடும் முன்பே பாதிப்பு ஏற்படலாம்.
* வகுப்பு 4: 500 மில்லிவாட்டுக்கு மேல். தோலைச் சுடும், தீ பிடிக்க வைக்கும். சுவரில் விழும் புள்ளியைப் பக்கத்திலிருந்து உற்றுப் பார்ப்பதுகூட ஆபத்தாகலாம்.

ரீல்ஸில் பலூன் வெடிப்பதும் தீக்குச்சி பற்றுவதும் கடைசி இரண்டு வகுப்புகளின் வேலை. 1 வாட் லேசர் என்றால் 5 மில்லிவாட் பாயின்டரைப் போல 200 மடங்கு. “பாயின்டர்லயே கொஞ்சம் பெருசு” என்று நினைத்து வாங்கினால், வீட்டுக்கு வந்து சேர்வது வேறு ஒரு பொருள்.

வலிக்காது, அதுதான் பிரச்சினை

சாதாரண பல்பின் ஒளி எல்லாத் திசையிலும் பரவிவிடும். லேசர் ஒளி மெல்லிய கற்றையாகவே போகும். அந்தக் கற்றை கண்ணுக்குள் நுழைந்தால், கண்ணில் இருக்கும் லென்ஸ் அதை இன்னும் சுருக்கி விழித்திரையில் ஒரு நுண்புள்ளியாகக் குவிக்கிறது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிப்போமே, அதே வேலை கண்ணுக்குள் நடக்கிறது.

விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. அதனால் உள்ளே சுட்டாலும் வலிக்காது. “ஒண்ணும் ஆகலையே” என்று விட்டுவிடுவார்கள். பிறகு மொபைலில் மெசேஜ் படிக்கும்போது வரியின் நடுவில் எழுத்து காணாமல் போகும். எங்கே பார்த்தாலும் அந்தக் கரும்புள்ளி கூடவே வரும். பார்வையின் மையப்பகுதியான மாக்குலா பாதிக்கப்பட்டால் அது நிரந்தரமாகவும் வாய்ப்பு உண்டு. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர உறுதியான சிகிச்சை இல்லை.

நேராகக் கண்ணில் அடித்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. ஜன்னல் கண்ணாடியின் ஒரு பரப்பு, தன் மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 1 வாட் லேசரில் அது 40 மில்லிவாட். அதாவது, திரும்பி வரும் ஒளியே 5 மில்லிவாட் பாயின்டரைப் போல 8 மடங்கு. எவர்சில்வர் பாத்திரம், பளபளக்கும் டைல்ஸ், டி.வி. திரை, வாட்ச் கண்ணாடி என்று நம் வீடுகளில் திருப்பி அடிக்கும் பொருட்களுக்குப் பஞ்சமே இல்லை.

லேபிளை நம்பலாமா?

“அப்போ 5 மில்லிவாட் என்று போட்டிருப்பதை வாங்கினால் சேஃப்தானே?” நியாயமான கேள்வி. ஆனால் மலிவான லேசர்களில் லேபிள் ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

அமெரிக்க அரசின் தரநிலை ஆய்வு நிறுவனமான ‘நிஸ்ட்’ 2013-ல் வெளியிட்ட சோதனை முடிவு இதற்கு நல்ல உதாரணம். 122 கையடக்க லேசர்களை அளந்து பார்த்ததில், பச்சை லேசர்களில் ஏறக்குறைய 90 சதவீதமும், சிவப்பில் சுமார் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன. 5 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டியவற்றில் ஒன்று, அந்த வரம்பைப் போல 10 மடங்குக்கும் அதிகமாக ஒளி உமிழ்ந்தது.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்றை அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010-லேயே பார்த்திருந்தார்கள். வாங்கிய பச்சை லேசர் ஒன்று மங்கலாக எரிந்தது. அளந்தால், அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கிட்டத்தட்ட 20 மில்லிவாட் அளவுக்கு வெளியேறிக்கொண்டிருந்தது.

காரணம், அந்த வகை லேசரின் உள்ளமைப்பு. 532 நானோமீட்டர் பச்சை ஒளி நேரடியாக உருவாவதில்லை. முதலில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி உருவாகி, ஒரு படிகத்தில் 1064 ஆக மாறி, இன்னொரு படிகத்தில் பாதியாகி 532 ஆக வெளியே வருகிறது. மிச்சமிருக்கும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு சின்ன ஃபில்டர் வேண்டும். மலிவு மாடல்களில் காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. லேசர் மங்கலாக இருக்கிறதே என்று உற்றுப் பார்ப்பவருக்கு அதுவே வினை.

நீல லேசர் ஏன் இவ்வளவு மலிவு?

2010 வரை 1 வாட் கையடக்க லேசர் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் இல்லை. அந்த நேரத்தில் கேசியோ நிறுவனம், நீல லேசர் டையோடுகளை ஒளிமூலமாக வைத்து புரொஜெக்டர்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் சக்திவாய்ந்த டையோடுகள் வரிசையாக இருந்தன. ஆர்வலர்கள் புரொஜெக்டரைப் பிரித்து டையோடுகளைத் தனியே எடுத்தார்கள். அதே ஆண்டு ‘விக்கெட் லேசர்ஸ்’ நிறுவனம் ‘ஆர்க்டிக்’ என்ற 1 வாட் நீல லேசரை சுமார் 200 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. பார்ப்பதற்கு ஸ்டார் வார்ஸ் படத்து வாள் மாதிரி இருக்கிறது என்று லூகாஸ்ஃபிலிம் நோட்டீஸ் அனுப்பியதும் செய்தியானது.

அதன் பிறகு விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் நீல டையோடு மலிவு என்பதால் அது நல்ல தேர்வு ஆகிவிடாது. சக்திவாய்ந்த நீல டையோடுகளின் ஒளிக்கற்றை பெரும்பாலும் வட்டமாக இருக்காது. தூரத்தில் ஒரு பட்டைக் கோடாக விரிந்துவிடும். பக்கத்தில் சுடும் அளவுக்கு, தூரத்தில் அழகாகத் தெரியாது.

பிரகாசம் வேறு, பவர் வேறு

பலருக்கு உண்மையில் வேண்டியது எரிக்கும் சக்தி இல்லை, இருட்டில் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வாட் எண்ணைவிட நிறம்தான் முக்கியம்.

மனிதக் கண் வெளிச்சத்தில் அதிகம் உணர்வது சுமார் 555 நானோமீட்டர் ஒளியை, அதாவது பச்சையை. ஒரே பவரில் 532 பச்சை, 450 நீலத்தைப் போல ஏறக்குறைய 23 மடங்கு பிரகாசமாகத் தெரியும். இருட்டில் இந்த வித்தியாசம் ஓரளவு குறையும். ஆனாலும் மொட்டை மாடியில் நின்று நண்பர்களுக்கு நட்சத்திரம் காட்ட 5 மில்லிவாட் பச்சையே தாராளம்.

பச்சையிலும் 520 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் கூடுதல் நல்லது. அது டையோடிலிருந்து நேரடியாக வரும் பச்சை. இடையில் படிகங்கள் இல்லை, அகச்சிவப்புக் கசிவும் இல்லை.

ஆபீஸ் பிரசன்டேஷனுக்கு வேண்டும் என்றால் 1 மில்லிவாட் போதும். மரத்தில் பெயர் செதுக்க வேண்டும் என்றால் கையடக்க லேசர் சரிப்படாது. கையில் பிடித்தால் கோடுகூட நேராக வராது. முழுவதும் மூடிய பெட்டியோடு வரும் டெஸ்க்டாப் என்கிரேவர்தான் அதற்கான கருவி.

முதல் செலவு கண்ணாடிக்கு

இவ்வளவுக்குப் பிறகும் 3பி அல்லது வகுப்பு 4 லேசர்தான் வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால், பட்ஜெட்டைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் பாதுகாப்புக் கண்ணாடி. அது போக மீதியில்தான் லேசர். கண்ணாடிக்குக் காசு இல்லையென்றால் அந்த லேசருக்கும் இன்னும் பட்ஜெட் வரவில்லை என்றே அர்த்தம்.

கண்ணாடியில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்த அலைநீளத்தைத் தடுக்கும் என்பது. நீலத்தைத் தடுக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி, சிவப்பு லேசரை அப்படியே உள்ளே விட்டுவிடும். இரண்டு, ஓ.டி. என்ற எண். ஓ.டி. 3 என்றால் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும், ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 1 வாட் லேசருக்கு ஓ.டி. 4 அல்லது அதற்கு மேல் பார்ப்பது நல்லது. இரண்டு எண்களும் கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 207 தரச் சான்று இருந்தால் இன்னும் நம்பலாம்.

லேசரோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் கண்ணாடியை நம்பி 1 வாட்டை ஆன் செய்யக் கூடாது. சாதாரண கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது. அறையில் மூன்று பேர் இருந்தால் மூன்று கண்ணாடி வேண்டும். அதுவும் தவறிப் படும் ஒளிக்குத்தான், கற்றையை நேராகப் பார்க்க அல்ல.

ஆர்டர் போடும் முன்

* அலைநீளம், பவர், வகுப்பு மூன்றும் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறதா? “10 மைல் போகும்” என்பது ஒரு அளவே இல்லை.
* அந்த மாடலை பவர் மீட்டரில் வைத்து அளந்த முடிவை விற்பவர் காட்டுகிறாரா?
* சாவி அல்லது பாதுகாப்புப் பூட்டு இருக்கிறதா? வீட்டில் குழந்தைகள் இருந்தால் பேட்டரியைக் கழற்றித் தனியே வைப்பது அவசியம்.
* தொடர்ந்து எத்தனை நொடி இயக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களா? அதிக பவர் லேசர்கள் சீக்கிரம் சூடாகும்.
* லித்தியம் பேட்டரியும் சார்ஜரும் நம்பகமான தயாரிப்பா? மலிவு சார்ஜரில் இரவு முழுவதும் போட்டுவிட்டுத் தூங்குவது தனி ஆபத்து.

எவ்வளவு கவனமாக இருந்தும் கண்ணில் பட்டுவிட்டால், தேய்க்காமல், “காலையில பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடாமல், விழித்திரை நிபுணர் இருக்கும் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த நிற லேசர், எவ்வளவு பவர் என்ற விவரம் மருத்துவருக்கு உதவும்.

வானத்தில் விளையாட்டு வேண்டாம்

லேசர் கற்றை கடைசி வரை ஊசி மாதிரியே போவதில்லை. நல்ல லேசரில்கூட 1 கிலோமீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 1 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். மொட்டை மாடியில் இருப்பவருக்கு வானில் ஒரு புள்ளி. தரையிறங்கும் விமானியின் கண்ணாடிக்கு அது முழுக்கப் பரவும் பச்சை வெளிச்சம். சில நொடிகள் அவருக்கு ஓடுபாதையே தெரியாமல் போகலாம்.

அமெரிக்காவில் 2023-ல் மட்டும் விமானங்கள் மீது லேசர் அடித்ததாக 13,304 புகார்கள் பதிவாயின. அங்கே இதற்கு 5 ஆண்டு வரை சிறை. சென்னையிலும் 2025-ல் தரையிறங்க வந்த விமானங்கள் மீது லேசர் ஒளி பாய்ச்சப்பட்ட சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன, போலீஸ் விசாரணையும் நடந்தது. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் இருப்பவர்கள் ‘சும்மா ஒரு தடவை’ என்றுகூட மேலே அடிக்கக் கூடாது. வேறு இடங்களில் நட்சத்திரம் காட்டும்போதும், நகரும் விளக்கு ஒன்று வானில் தெரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

லேசரின் விலை அடுத்த ஆஃபரில் இன்னும் குறையலாம். பிடிக்கவில்லையென்றால் ரிட்டர்ன் போடலாம். கண்ணுக்கு அந்த வசதி இல்லை. எனவே முதல் லேசர் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எத்தனை வாட்?” அல்ல, “எதுக்கு வாங்குறோம்?” என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு நம்பகமான 5 மில்லிவாட் பச்சையிலேயே வேலை முடிந்துவிடும்.