கடலோடி ஊர்கள் - 9: பெயர்களை எழுதிவைத்த துறைமுகம்

ஜூன் மாதக் கடைசியில் குளோஸ்டர் ஊருக்குப் போகிறவர்கள், கடலுக்கு மேலே ஒரு நீண்ட மரம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் நிற்கும் மேடையில் அதன் அடிப்பகுதியை இறுக்கியிருப்பார்கள். மரம் முழுக்க கிரீஸ், எண்ணெய், சோப்பு என்று வழுக்கக்கூடிய எல்லாவற்றையும் அப்பியிருப்பார்கள். நுனியில் ஒரு கொடி. நம் ஊர்த் திருவிழா வழுக்கு மரத்தைக் கடலின்மேல் படுக்கவைத்தது போன்ற விளையாட்டு. இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓடுகிறார்கள். நாலு அடி வைப்பதற்குள் வழுக்கி விழுகிறார்கள். நீந்தி வந்து மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். முதல் சுற்றில் யாரும் கொடியைப் பறிக்கக் கூடாது என்பது வழக்கம். கடைசியில் கொடியைப் பறிக்கிறவரை ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குளோஸ்டர். சுமார் 30,000 பேர் வாழும் ஊர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு கூட்டம் 1623-ல் இங்கே இறங்கியது மீன் பிடிப்பதற்காகத்தான். நான்கு நூற்றாண்டுகளாக இந்த ஊரின் சோறும் சாவும் கடலில்தான். தன் கடல் வரலாற்றை எப்படிக் கொண்டாடுவது என்று ஒரு கடலோர ஊர் கேட்டால், தயங்காமல் குளோஸ்டரைக் காட்டலாம்.

ஜூன் மாதத்து விழா புனித இராயப்பருடையது. மீனவராக இருந்து இயேசுவின் சீடரானவர் இராயப்பர். இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து பிழைக்க வந்த மீனவக் குடும்பங்கள், தங்கள் பாதுகாவலரையும் மனத்தில் சுமந்துகொண்டு வந்தன. சால்வடோர் ஃபவாட்சா என்ற படகுத் தலைவர் 1926-ல் இராயப்பருக்கு ஒரு சொரூபம் செய்வித்தார். அடுத்த ஆண்டே விழா தொடங்கிவிட்டது. முன்னதாக ஒன்பது நாள் பெண்கள் கூடி நவநாள் செபம் சொல்கிறார்கள். சொரூபத்தை ஆண்கள் தோளில் சுமந்து வீதிவலம் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளியில் திருப்பலி. பிறகு படகுகளுக்கு ஆசீர். தூத்துக்குடியிலோ குமரிக் கடற்கரையிலோ வளர்ந்த ஒருவர் அங்கே போய் நின்றால், மொழி புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

ஊரின் ஒரு குன்றில் போர்ச்சுக்கீசிய மீனவர்கள் எழுப்பிய நற்பயண மாதா கோவில் இருக்கிறது. 1914-ல் தீயில் எரிந்து, உடனே மீண்டும் கட்டப்பட்ட கோவில் அது. அதன் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே நிற்கும் மாதாவின் கையில் குழந்தை இயேசு இருக்கும் இடத்தில் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. கடலுக்குப் போனவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர் என்பதுதான் அந்த ஊரின் முதல் வேண்டுதல்.

கொண்டாட்டத்துக்கு அடியில் இருக்கும் துயரத்தைப் பார்க்க, துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டும். அங்கே 8 அடி உயர வெண்கல மீனவர் ஒருவர் நிற்கிறார். மழைக்கோட்டும் அகன்ற தொப்பியும் அணிந்து, இரண்டு கைகளாலும் சுக்கான் சக்கரத்தை இறுகப் பற்றி, கண்ணைக் கடல்மேல் வைத்திருக்கிறார். ஊரின் 300ஆம் ஆண்டை ஒட்டிச் சிற்பி லெனர்ட் கிராஸ்க் செய்த இந்தச் சிலை 1925-ல் நிறுவப்பட்டது. பிற்காலத்தில், சிலையைச் சுற்றி அரைவட்டமாகப் பெயர்ப் பலகைகள் வைத்தார்கள். கடலில் மாண்ட 5,368 பேரின் பெயர்கள், ஆண்டுவாரியாக.

ஆண்டுவாரியாக என்பதில்தான் அந்தப் பலகைகளின் கனம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்குக் கீழே ஒன்றிரண்டு பெயர்கள். சில ஆண்டுகளுக்குக் கீழே பெயர்கள் முடிவதே இல்லை. 1862 பிப்ரவரியில் ஜார்ஜஸ் திட்டு என்ற மீன்பிடிக் கடற்பகுதியில் ஒரே புயல் 15 கப்பல்களையும் 120 பேரையும் கொண்டுபோனது. ஊரில் 70 பெண்கள் கைம்பெண்களானார்கள், 140 குழந்தைகள் தந்தையை இழந்தார்கள். 1879 அதைவிடக் கொடியது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 249 மீனவர்கள், 29 கப்பல்கள். 1991 அக்டோபர் புயலில் ஆண்ட்ரியா கெயில் என்ற படகோடு மறைந்த ஆறு பேரின் பெயர்களும் இங்கே உண்டு. அவர்களைப் பற்றிய புத்தகமும் ஹாலிவுட் படமும் உலகம் சுற்றின. அந்த ஆறு பேருக்கும், 19ஆம் நூற்றாண்டில் இறந்த யாரோ ஒரு கூலி மீனவருக்கும் பலகையில் ஒரே அளவு எழுத்துதான்.

இத்தனை பேர் எப்படி இறந்தார்கள்? அன்றைய தொழில்முறை அப்படி. பெரிய பாய்மரக் கப்பல் ஆழ்கடலில் நிற்கும். அதன் தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த டோரி என்ற தட்டையடிச் சிறுபடகுகளை இறக்குவார்கள். ஒரு டோரியில் இரண்டு பேர். நூற்றுக்கணக்கான முட்கள் கோத்த ஆயிரங்கால் தூண்டிலை விட்டு, காட் மீனையும் ஹாலிபட் மீனையும் இழுத்துப் போடுவார்கள். மூடுபனியோ பனிப்புயலோ இறங்கினால் தாய்க்கப்பல் கண்ணுக்குத் தெரியாது. சங்கு ஊதுவார்கள், மணி அடிப்பார்கள். அது காதில் விழாதவர்கள் திரும்புவதில்லை.

ஹவர்ட் பிளாக்பர்ன் அப்படித்தான் வழி தவறினார். 1883 ஜனவரி, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால். டோரியில் அவரோடு இருந்தவர் டாம் வெல்ஷ். கையுறைகள் கடலில் போய்விட்டன. விரல்கள் உறைந்து விறைக்கப்போகின்றன என்று தெரிந்ததும், பிளாக்பர்ன் துடுப்பைப் பிடிக்கும் வாகிலேயே அவற்றை வளைத்து உறையவிட்டார். கை செத்தாலும் துடுப்பு போட முடிய வேண்டும் அல்லவா. வெல்ஷ் படகிலேயே இறந்தார். அவர் உடலையும் வைத்துக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல், ஐந்தாம் நாள் பிளாக்பர்ன் கரை சேர்ந்தார். விரல்கள் போய்விட்டன. குளோஸ்டர் மக்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அவர் கடை வைத்துப் பிழைத்தார். அதோடு விட்டாரா? விரலில்லாத கைகளோடு 1899-ல் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்து, இங்கிலாந்தில் இருக்கும் அசல் குளோஸ்டருக்கு 62 நாளில் போய்ச் சேர்ந்தார். 1901-ல் மறுபடி தனியாக, 39 நாளில் லிஸ்பன். அந்த இரண்டாம் பயணத்தின் படகான ‘கிரேட் ரிபப்ளிக்’ குளோஸ்டரிலுள்ள கேப் ஆன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

கடலுக்குப் போனவர்களை மட்டும் நினைத்தால் வரலாறு பாதிதான். இதைக் குளோஸ்டர் பெண்களே ஊருக்கு உணர்த்தினார்கள். 1969-ல் தொடங்கிய மீனவர் மனைவியர் சங்கம், ஜார்ஜஸ் திட்டில் எண்ணெய் தோண்டும் திட்டத்தை எதிர்த்துப் போராடியது. மீனவக் குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கப் பாடுபட்டது. 2001-ல் அந்தச் சங்கத்தின் முயற்சியால் ஒரு சிலை எழுந்தது. இரண்டு குழந்தைகளோடு ஒரு தாய், கடலைப் பார்த்து நிற்கிறாள். சுக்கான் பிடித்த மீனவர் நிற்கும் அதே கடற்கரைச் சாலையில்தான் அவளும் நிற்கிறாள்.

கப்பல்களையும் ஊர்க்காரர்கள் விடவில்லை. பக்கத்து ஊரான எசெக்ஸில் 1926-ல் கட்டப்பட்ட ‘அட்வெஞ்சர்’ என்ற 121 அடிப் பாய்மரக் கப்பல், 1953 வரை டோரிகளோடு மீன்பிடித்தது. பிறகு வேறு மாநிலத்தில் சுற்றுலாக் கப்பலாக ஓடி, 1988-ல் குளோஸ்டருக்கே கொடையாகத் திரும்பிவந்தது. மரம் உளுத்துப்போன கப்பலைத் திரட்டிய நிதியிலும் தன்னார்வலர் உழைப்பிலும் பலகை பலகையாகப் புதுப்பித்தார்கள். அது இப்போது மறுபடியும் பாய் விரித்து ஓடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் தொடக்கத்தில் பாய்மரக் கப்பல் விழாவில் பழைய கப்பல்கள் அணிவகுக்கின்றன.

2023-ல் 400ஆம் ஆண்டு வந்தபோது, விழாவின் பெயரிலேயே 400-க்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டார்கள். வெள்ளையர் வருவதற்கு முன்பே இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் காலத்தையும் சேர்த்துக்கொள்வதற்கான குறி அது. ஊர்க்காரர்களிடமிருந்தே 400 கதைகளைச் சேகரிக்கும் வேலையும் நடந்தது.

இந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் 1930-ல், வேப்பமரப் பலகைகளைக் கொண்டு, சுமார் 90 அடி நீளத்தில் கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல் ‘அன்னபூரணி’. சிறு படகில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்ற அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதன் அழகில் மயங்கி விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரால் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 1937-ல் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் செலுத்திக்கொண்டு புறப்பட்டார்கள். சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1 அன்று அந்தக் கப்பல் வந்து நங்கூரமிட்ட துறைமுகம் குளோஸ்டர்தான். கப்பல் கட்டவும் ஓட்டவும் தெரிந்த ஊர் ஒன்று, கப்பலின் அருமை தெரிந்த இன்னொரு ஊரைச் சந்தித்த நாள் அது.

இன்று குளோஸ்டரின் நிலைமை எளிதானதல்ல. காட் மீன் குறைந்துபோய், 1994 இறுதியில் ஜார்ஜஸ் திட்டின் பெரும் பகுதிகள் மீன்பிடிப்புக்கு மூடப்பட்டன. பல குடும்பங்கள் தொழிலை விட்டன. ஆனாலும் உள்துறைமுகக் கரையின் பெரும்பகுதி கடல்சார் தொழில்களுக்கென்றே மாநில விதிகளால் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சொகுசுக் குடியிருப்புகள் அங்கே எழ முடியாது. வேலை செய்கிற துறைமுகம் இருப்பதால்தான் அங்கே விழாவுக்கு உயிர் இருக்கிறது.

நம் கடற்கரைக்கு வருவோம். 1964 தனுஷ்கோடிப் புயல், 2004 சுனாமி, 2017 ஒக்கிப் புயல். ஒக்கிக்குப் பிறகு சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களில் காணாமல்போனவர்களின் பட்டியலை ஊர்மக்களும் பங்குக் கோவில்களும் தாங்களே எழுதித் தயாரித்தார்கள். அரசு நிவாரணத்துக்காக எழுதிய அந்தப் பட்டியல்கள்தான் இந்தக் கரையின் வரலாற்றுக்கு முதல் ஏடுகள். ஆனால் பேரிடரில் போனவர்கள் மட்டுமே பட்டியலில் வருகிறார்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமை கடலுக்குப் போய்த் திரும்பாதவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கடலோர வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கடலில் மாண்டவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக எழுதத் தொடங்குங்கள். பெயர், ஆண்டு, படகு, எந்தக் கடலில், யார் மகன் என்று ஐந்து விவரம் போதும். கோவில் இறப்புப் பதிவேடுகளைப் பாருங்கள். சம்மாட்டிகளின் பழைய கணக்கு நோட்டுகளைப் பாருங்கள். எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆச்சிகளிடம் முதலில் போய்க் கேளுங்கள். கல்லில் பொறிப்பதற்குப் பணம் பிறகு சேரும். கேட்டு எழுதுகிற வேலையை இந்த ஆண்டே முடித்துவிட வேண்டும்.

(தொடரும்)